சீனப்பா அண்ணன் விற்றது டூப்ளிகேட் இல்லை

சீனப்பா அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில் பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. "ஓசூர் ஜீப் ஸ்பேர்ஸ் சீனப்பா எக்ஸ்பயர்டு." கீழே வரிசையாகக் கைகூப்பல். நானும் ஒன்று போட்டேன். உடனே அழித்தேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் அவர் கடை. பழைய ஜீப்புக்கு மட்டும்தான் பார்ட்ஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்பை வைத்துக்கொண்டு அவதிப்பட்ட எல்லோரும் அங்கேதான் போய் நிற்போம்.

அவரிடம் ஒரு பழக்கம். பழைய பார்ட்டைக் கண்ணால் பார்க்காமல் புதுசைத் தர மாட்டார். சூளகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தவனையும் திருப்பி அனுப்புவார்.

"ஏலத்து ஜீப்புப்பா அது. எத்தினி வீட்டுல வாழ்ந்துட்டு வந்துச்சோ... ஆர்.சி. புக்குல மொத புருஷன் பேரு மட்டும்தான் இருக்கும்" என்பார். கடையே சிரிக்கும்.

எனக்கு எரிச்சல்தான் வரும். இருபத்து மூன்று வயது. டிப்ளமோ மெக்கானிக்கல், கம்பெனி மெயின்டனன்ஸில் வேலை, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

வேப்பனப்பள்ளியில் என் மாமா, அம்மாவின் தம்பி, மாங்காய் ஏற்ற அப்படி ஒரு ஜீப் வாங்கியிருந்தார். அதில் பின் ஆக்ஸிலின் கிரவுன் பினியன் உடைந்தது. இன்ஜினின் சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பல்சக்கர ஜோடி. உடைந்ததைக் கழற்றி, பல்லைக்கூட எண்ணாமல் காயலான் கடையில் போட்டேன். மேனுவல்தான் இருக்கிறதே!

கடைக்குப் போய்ப் பார்ட் நம்பரை நீட்டினேன்.

"பழசு எங்க தம்பி?"

"காயலான் கடைக்குப் போயிடுச்சு. நம்பர் இருக்குல்ல, குடுங்க."

"நம்பரு புக்குல இருக்கறது. நடுவுல எவன் எத மாத்துனானோ... முன் ஆக்ஸில தொறந்து பல்ல எண்ணினு வா. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

"அண்ணா, நான் படிச்சது மெக்கானிக்கல். நீங்க எத்தினாவது வரைக்கும் படிச்சீங்க?"

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் உள்ளே போய், நம்பர்படி நாற்பத்து மூன்று பல் செட்டை எடுத்து வைத்தார்.

"எண்ணிப் பாக்கற வரைக்கும் ஃபோர் வீல் மட்டும் போடாத தம்பி."

எண்ணவில்லை. மாங்காய் சீசன், அவசரம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஃபோர் வீலைப் போடக் கூடாது என்று மாமாவிடம் சொல்லவும் இல்லை.

தார் ரோட்டில், பின்சக்கரம் மட்டும் இழுக்க, பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் தோப்புக்குப் பின்னால் இருக்கிற பாறை ஏற்றத்தில், முழு லோடோடு, மாமா ஃபோர் வீல் லீவரைப் போட்டார். கொஞ்ச தூரம்தான்... நடு கியர்பாக்ஸ் படீரென்று உடைந்தது. ஜீப் பின்னால் உருண்டு மரத்தில் முட்டி நின்றது. மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

மறுநாளே கடைக்குப் போனேன். "யோவ், டூப்ளிகேட் மாலா விக்கற? ஆளக் கொல்லப் பாத்தியே!"

அப்படித்தான் பேசினேன், என் அப்பா வயதுக்காரரை. அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் கம்பெனி ஜீப்புக்கும் அவரிடம்தான் வாங்குவோம். பர்ச்சேஸில் சொல்லி நிறுத்தினேன். பக்கத்துக் கம்பெனி நண்பர்களிடமும் சொன்னேன். அவர்களும் நிறுத்தினார்கள்.

ஒரு மாதம் கழித்து முன் ஆக்ஸிலைத் திறந்தேன். முப்பத்தொன்பது பல்.

திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்பதுதான். யாரோ எப்போதோ இரண்டு ஆக்ஸிலையும் மாற்றியிருக்கிறார்கள். நான் பின்னால் மட்டும் நாற்பத்து மூன்றைப் போட்டு, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வைத்திருக்கிறேன். ஃபோர் வீல் போட்டால் உடையாமல் என்ன செய்யும்?

அந்த வாரமே அண்ணன் எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்தார். செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டார்.

"சார், சீனப்பான்னு ஒருத்தரு வந்துகீறாரு. உங்க மாமா தோளு எப்படி இருக்குன்னு கேக்கறாரு. முன்னாடி பல்லு எண்ணியாச்சான்னும் கேக்கச் சொல்றாரு."

"ஷிஃப்ட்ல இருக்கேன், வர முடியாதுன்னு சொல்லுங்க."

கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. மழைக்காலத்தில் தோள் வலித்தால் இன்னமும் அந்தக் கடைக்காரரைத்தான் திட்டுவார். நான் எழுதுகிற இதை மாமாவுக்கு அவர் பேத்தி படித்துக் காட்டுவாள். காட்டட்டும்.

குரூப்பில் இருக்கிற பழைய ஆட்களே... அன்றைக்கு என் பேச்சை நம்பித்தான் அவரிடம் வாங்குவதை நிறுத்தினீர்கள். அவர் கொடுத்தது ஒரிஜினல். நான் கேட்ட நம்பர்தான் தப்பு.

நாளைக் காலையில் எடுக்கிறார்களாம். வருகிறேன்.

எண்ணிட்டேன்ண்ணா... முப்பத்தொன்பது.