எண்கள் ஏறிய அலுமாரி

ஜேர்மனியில் நான் வளர்ந்த நகரத்திலேயே, உலர்ந்த தாவரங்களையும் காளான்களையும் பாதுகாக்கும் சேகரிப்பகம் ஒன்றில் எனக்கு ஒப்பந்த வேலை. என் பங்குக்கு வந்தவை காளான்கள். யாரோ காட்டில் பொறுக்கிக் காயவைத்து, காகித உறைகளில் மடித்து வைத்தவை. உறையைத் திறந்து படமெடுத்து, மேலேயுள்ள குறிப்பைக் கணினியில் பதிய வேண்டும். கையுறையோடு அந்தப் பழைய மடிப்புகளைப் பிரித்தால் கிழிந்துவிடும். அதனால் கழற்றிவிடுவேன்.

அப்போது நான் மூன்று மாதக் கர்ப்பிணி. கணவருக்கு மட்டும்தான் தெரியும். ஒப்பந்தத்தை நீடிப்பார்களா என்று அடுத்த கிழமைதான் தெரியவரும். அதுவரை வேலையிடத்தில் வாயைத் திறப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஒருநாள் காலை, காற்றை அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். என் மேசைக்குப் பின்னாலிருந்த அலுமாரியைத் திறந்ததும் கருவியின் எண்கள் ஏறிக்கொண்டே போயின. கதவைச் சாத்திவிட்டு எங்கள் பொறுப்பாளர் அம்மையாரைக் கூப்பிட்டார்.

"பாதரசம். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் பூசியிருக்கிறார்கள். இங்கே யார் வேலை செய்வது?"

"நான். இரண்டு மாதமாக."

கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வயிற்றில் வைக்கப் பயமாக இருந்தது.

பொறுப்பாளர் என்னை வெளியே அழைத்துப் போனார். "வெளிறிப்போய் நிற்கிறீர்களே, வேறு ஏதாவது இருக்கிறதா?"

சொல்லிவிட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "மேல்மாடிக்குப் போங்கள். இனி இந்த அறைக்குள் வரவே கூடாது."

மத்தியானமே இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

"நீர் கையுறை போடேல்லையோ?" என்று கணவர் கேட்டார்.

"போட்டனான். இடைக்கிடை கழட்டிப்போட்டன்."

"வேலையிலை சொல்லும் எண்டு நான் முதலே சொன்னனான்."

"ஓம், சொன்னனீங்கள். இப்ப அதைச் சொல்லாதேங்கோ."

அந்த மூன்று நாளும் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டேன்.

வைத்தியர் அழைத்தபோது பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றிருந்தேன். எல்லோருக்கும் இருக்கும் அளவுதான், பயப்பட வேண்டாம் என்றார். உடனே கணவரை அழைத்து, "ஒண்டுமில்லையாம்" என்றேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீடித்தார்கள். கடிதத்தைத் தர மேல்மாடிக்கு வந்த பொறுப்பாளரிடம், எனக்கு முன் அந்த மேசையில் யார் இருந்தது என்று கேட்டேன்.

"நான்தான்," என்றார். "எட்டு வருடம். நேற்றுத்தான் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன்."

எழுந்து என் கதிரையை அவர் பக்கம் தள்ளினேன்.