இருட்டுக் கோச்சி

மூன்றாவது தடவையும் கோச்சி ஏற்றத்தின் பாதியில் நின்றபோது, பச்சைப் பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே நான் அழுதேன். அழுதால் இயந்திரம் நகராது என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அதை ஓட்டியவள் நான். ஆனால் அந்தக் கிழமை எனக்கு அழுகையைத் தவிர வேறு எதுவும் கைவசம் இருக்கவில்லை.

வட்டகொடைப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் முதலாளி வாங்கி, பிள்ளைகள் விளையாடும் பூங்காவாக மாற்றியிருந்தார். கொழுந்து வாட்டிய மாடியின் பலகைத் தரையைப் பெயர்த்துவிட்டு, கீழிருந்து கூரை வரைக்கும் உயரமாக்கி, அதற்குள் வெளிநாட்டிலிருந்து பழசாக வந்த ரோலர் கோஸ்டரைப் பூட்டினார்கள். நாலு பெட்டி. சங்கிலி மேலே இழுத்துப் போகும், உச்சியில் விட்டுவிடும். பிறகு இருட்டுக்குள் வளைந்து வளைந்து கீழே விழும். பேர்ப்பலகையில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் இருட்டுக் கோச்சி; ரயிலை இங்கே கோச்சி என்றுதான் சொல்வோம். எங்கள் வாயிலும் அதுவே நின்றுவிட்டது.

மலையில் எதற்கும் ஆயுசு குறைவு. ஓட்டை உடைசல் வழியாக மூடுபனி உள்ளே வந்து தண்டவாளத்தைத் தின்றது. சக்கரங்களின் மேல்பட்டை உரிந்தது. ஒரு நாள் பெட்டியொன்றில், ஆளை இருக்கையோடு பிடித்து வைக்கும் மடிக்கம்பி பூட்டாமல் போகவே, முதலாளி அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டார். அந்த மனுஷனிடம் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் அதை அன்றைக்கே நிறுத்தியதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நாலு மாதம் திருத்த வேலை நடந்தது. நாங்கள் ஆறு பேர் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தோம். மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறத்தில் வரும். சக்கரங்கள் கொழும்புக்குப் போய்ப் புதுப்பட்டையோடு திரும்பின. சுவரெல்லாம் கறுப்புப் பூசி, இருட்டில் மினுங்கும் நட்சத்திரங்களை நானே ஏணியில் ஏறி ஒட்டினேன். மின்சார வேலை முழுவதும் நோர்வூட்டிலிருந்து வந்த முஸ்லிம் மின்சாரக்காரர் ஒருவரின் பொறுப்பு; அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்போம். பழைய வயர்களை ஒன்றுவிடாமல் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார். பெருத்த உடம்பு, சின்னக் குரல். வேலை செய்யும்போது வயரோடு பேசுவார். என்னோடு பேசுவதைவிட வயரோடுதான் அதிகம் பேசினார்.

எனக்கு அந்தக் கோச்சி ஓடியே ஆகவேண்டும். என் கடவுச்சீட்டு ஹட்டனில் ஏஜென்சிக்காரரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. கோச்சி நின்ற நாலு மாதமும் அரைச் சம்பளம். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் முகம் காட்டுவார். வேறு வழி தெரியாமல், வீட்டு வேலைக்கு வெளிநாடு போக எழுதிக் கொடுத்துவிட்டேன். மெடிக்கலும் முடிந்திருந்தது. கோச்சி ஓடினால் போகமாட்டேன், ஓடாவிட்டால் போவேன். மகள் ஐந்தாம் வகுப்பு. நான் போனால் டிக்கோயாவில் இருக்கும் அவளுடைய அத்தை வீட்டில் விட வேண்டும். அந்த வீட்டில் ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள்.

"நீங்க போனா எனக்கு யாரு தலை பின்னி விடுவா?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"அத்தை பின்னுவாங்க."

"அத்தைக்கு நேரம் இருக்காதும்மா."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அவள் தொடர்ந்து கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வேலை முடிந்ததும் பூஜை போட்டோம். அந்தக் கட்டடம் தொழிற்சாலையாக இருந்த காலத்தில் நான் அங்கே தூள் சலித்தவள். அப்போதிலிருந்தே பழக்கம்: இயந்திரம் எதுவானாலும் புதுசாக ஓட்டுமுன் சந்தனமும் குங்குமமும் வைப்போம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போம், பூசணிக்காய் உடைப்போம். வைத்த பொட்டை யாரும் கைவைத்து அழிக்கமாட்டார்கள். அது தானாகக் காய்ந்து உதிர்ந்துதான் போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு அடுத்த பூஜை வரைக்கும் மெஷினில் நிற்பதும் உண்டு. அன்றைக்குச் சந்தனம் குழைத்ததும் நான், ஒவ்வோர் இடமாகப் பொட்டு வைத்ததும் நான். பெட்டியின் நெற்றி, மோட்டார், சங்கிலிச் சக்கரம், என் மேசை என்று ஒன்றையும் விடவில்லை. எனக்கிருந்த தவிப்புக்கு நானே ஒரு கோயில் கட்டியிருப்பேன்.

கற்பூரம் அணைந்ததும் பட்டனை அழுத்தினேன். கோச்சி கிளம்பி, ஏற்றத்தில் பாதிதூரம் போய், நின்றது. மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இது அந்தச் சாணையே ஏறவில்லை.

நானா மூன்று நாள் தேடினார். தண்டவாளம் நெடுக நாலு இடத்தில் மின்சாரக் கண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கண்ணுக்கும் எதிரே, சைக்கிளின் பின்னால் இருக்குமே, அதுபோல ஒரு வட்டச் சிவப்புக் கண்ணாடி. கண் விடுகிற ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இடையில் பெட்டி வந்தால் ஒளி தடைப்படும். பெட்டி எங்கே நிற்கிறது என்று இயந்திரம் அறிவது அப்படித்தான். கடைசிக் கண் எந்நேரமும் "பெட்டி இங்கேதான் நிற்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் ஒரே கோச்சி இருக்க முடியுமா என்று பயந்துதான் இயந்திரம் நின்றது.

நானா அந்தக் கண்ணைக் கழற்றிப் புதுக்கண் போட்டார். வயரை மாற்றினார். சரிவரவில்லை. எதிர்க் கண்ணாடி சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில், ஒரு முழ இடைவெளிக்குள் இருந்தது. அவர் உடம்பு அதற்குள் போகாது.

"அந்தப் பக்கத்துக் கண்ணாடியத் தொடச்சி விடுங்களே மகள்," என்றார். "பூஜ வெச்ச எடம் எல்லாம் நான் கை வெக்கல்ல. நீங்களே பாத்துக்கோங்க."

நான் நுழைந்து போனேன். கண்ணாடியின் நடுவில் என் பொட்டு இருந்தது; பூஜையன்று என் கைக்கு எட்டிய கண்ணாடி அது ஒன்றுதான். அது வட்டமாக, முகம் மாதிரி இருந்ததால் ஆசையாகப் பெரிதாகவே வைத்திருந்தேன். அதைச் சுற்றிப் படிந்திருந்த தூசியைத் துணியால் வட்டமாகத் துடைத்தேன். பொட்டைத் தொடவில்லை. அந்த நேரத்தில், அந்த நிலைமையில், சாமிக்கு வைத்த பொட்டை அழிக்க எனக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

"தொடச்சீங்களா?"

"தொடச்சிட்டேன் நானா."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவரும் என் வார்த்தையை நம்பி, கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு செய்து, தான் போட்ட வயர்களையெல்லாம் மறுபடி அவிழ்த்தார். வயரோடு பேசுவதையும் நிறுத்தியிருந்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் முதலாளி வந்தார்.

"வெள்ளிக்கிழம கொழும்புல இருந்து இன்ஜினியர் வர்றாரு. அன்னைக்கு இது ஓடலேன்னா வெட்டி இரும்புக்குப் போட்டுருவேன். பழைய வயர்ல ஓடுன சாமான். இந்தாளு கை வெச்சதுக்கப்புறம்தான் ஓடல."

"மொதலாளி, என்ட வேலையில பிழ ஈக்கிற மாதிரி வெளங்கல்ல," என்றார் நானா.

"வெளங்காதுதான். வெளங்குனா ஓடியிருக்குமே."

நானா சாமான் பையைச் சுருட்டிக் கட்டினார். வாசலில் என்னைப் பார்த்து, "நீங்களாவது பிடிச்சி நில்லுங்க மகள்," என்றுவிட்டுப் போனார். அவர் பஸ்ஸுக்கு நடந்து போன தேயிலைமலைப் பாதையை நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எனக்கு என் பாடே பெரும்பாடாக இருந்தது.

வியாழக்கிழமை கண்டியிலிருந்து வந்த வேறொரு மின்சாரக்காரர், மேசைக்குள் இருக்கிற மின்சுற்றுப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும், அது வர மாதக்கணக்காகும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏஜென்சிக்காரர் போன் எடுத்து, விசா வந்துவிட்டது, அடுத்த கிழமை பயணம் என்றார். நான் வீட்டுக்குப் போய் மகளின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் பள்ளிக்கூடக் கொப்பிகளைக் கொண்டுவந்து அந்தப் பைக்குள் தானே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலைக்குப் போனேன். இன்ஜினியர் வருமுன் கூட்டிவிட வேண்டும். மண்டபத்தில் விளக்குப் போடாமல், டோர்ச்சோடு தண்டவாளத்தடியில் குனிந்து குப்பை பொறுக்கினேன். டோர்ச்சைத் திருப்பிய பக்கமெல்லாம் சிவப்புக் கண்ணாடிகள் பளிச்சென்று திருப்பிக் காட்டின. மேலே ஒன்று, வளைவில் ஒன்று, அதற்கும் அப்பால் ஒன்று. கடைசிக் கண்ணாடியில் அடித்தேன். ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. நடுவில் ஒன்றுமில்லை, அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் படிப்புக் குறைவுதான். ஆனால் அதை விளங்கிக்கொள்ளப் படிப்புத் தேவையில்லை. காய்ந்த சந்தனத்தில் ஒளி பட்டால் எப்படித் திரும்பும்? இயந்திரத்தின் கண்ணை நான்தான் கட்டியிருந்தேன்.

அப்போதுகூட உடனே அழிக்கக் கை வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சிரு தாயே" என்று சொல்லி, முந்தானை நுனியில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மேசைக்கு ஓடி பட்டனை அழுத்தினேன். கோச்சி ஏறியது. பாதியைத் தாண்டியது. உச்சிக்குப் போய், இருட்டுக்குள் விழுந்து, சுற்றி வந்து, என் முன்னால் சமர்த்தாக நின்றது. நான் பைத்தியம் போலச் சிரித்தேன்.

இன்ஜினியர் மணல் மூட்டைகளை ஏற்றி பத்துத் தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்தார். "என்ன பிழை இருந்தது?" என்று கேட்டார்.

"வயரிங்தான் சேர். அந்த ஆள நிப்பாட்டிட்டோம்," என்றார் முதலாளி.

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும், அடுத்த கிழமை விமானம். திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எங்கே நின்றது என்று எனக்கு மட்டும் தெரியும். பின்னேரம் ஹட்டனுக்குப் போய் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் சீசனில் சனம் அலைமோதியது. காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்குப் போவேன். கோச்சிக்குள் பிள்ளைகள் கத்தும்போதெல்லாம் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் நானா வயரோடுகூடப் பேசாமல் அதை அவிழ்த்தது கண்ணுக்குள் வந்தது. இரண்டு மாதம் தாங்கினேன். அதற்குமேல் முடியவில்லை. முதலாளியின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த மனுசன வரச் சொல்லு," என்றார் கடைசியில். "நான் பேசுறேன். ஒனக்கும் வேல இருக்கு, போ."

நானாவின் நம்பர் வேலை செய்யவில்லை. கோபத்தில் மாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நோர்வூட்டுக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி திறந்தார். நான் யார் என்றதும் உள்ளே கூப்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தார்.

"நானா இல்லீங்களா?"

"அவர் வெளிநாடு போய் பதினோரு நாள்," என்றார். "இங்க வேல பிழையாப் போனா அந்தப் பேச்சி ஊரெல்லாம் போகும்தானே. ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடல்ல. கத்தார்ல ஒரு கொம்பனி கெடச்சிச்சி."

என் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, போனை எடுத்து வீடியோவில் அழைத்தார். கட்டில்கள் அடுக்கடுக்காக இருந்த ஓர் அறையில் நானாவின் முகம் தெரிந்தது. மெலிந்திருந்தார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பொட்டு, துடைத்தேன் என்று சொன்னது, வாய் திறக்காமல் நின்றது, எல்லாம்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப என்ட வயரிங் சரி," என்றார்.

"சரிதான் நானா. எல்லாம் சரிதான். மொதலாளி உங்களத் திரும்ப வரச் சொல்றாரு. வந்துருங்க நானா."

"ரெண்டு வருஷத்துக்கு ஒப்பம் வெச்சிட்டேன் மகள்," என்றார். "பாஸ்போர்ட்டும் அவங்கட கையில."