லில்லிக்குப் பதில் வைத்த பூ

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கோலாலம்பூரில் கிள்ளான் ரயில்வண்டி ஏறினோம். இருபது மைல் சொச்சம். பிரிக்பீல்ட்ஸில் என்னைத் தங்கவைத்திருந்த ரயில்வே குமாஸ்தா முருகையன், வேட்டியில் சுற்றிய ஒரு படத்தை மடியில் வைத்துப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். உடன் வேலைபார்க்கும் மலாய்க்காரர் ஹாஷிமின் மகளுக்கு அன்று கல்யாணம், தாயில்லாப் பெண். எட்டு மாதத்துக்கு முன் கப்பலிறங்கிய முருகையன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர் ஹாஷிம். இந்த ஊரில் இவருக்கு வேறு சிநேகிதர் இல்லை.

படம் முருகையனே வரைந்தது: பித்தளைச் சொம்பில் பூக்கள். மிஷன் பள்ளித் துரைசானி அவருக்குச் சொல்லிக்கொடுத்தபடி ரோஜா என்றால் அன்பு, லில்லி என்றால் தூய்மை, உதிர்ந்த இதழ் என்றால் நிலையாமை. கல்யாணத்துக்கு ஆகாதென்று ஓர் இதழைக்கூட அவர் உதிரவிடவில்லை. பார்த்து வரைய லில்லிதான் கிடைக்கவில்லை. எங்கள் ஊர்ச் சிவன் கோவில் நந்தவனத்து ஈழத்தலரியை இங்கே ஒரு வேலியோரம் கண்டு, இதுவும் வெள்ளைதானே என்று பறித்துக் கொடுத்தவன் நான்.

கிள்ளானில் மாட்டுவண்டிக்கு முப்பது காசு. வண்டிக்காரர் சேலத்துக்காரர். ஆசைப்பட்டுக் கேட்டார், படத்தைப் பிரித்துக் காட்டினோம். சாட்டையை நீட்டிக் காட்டினார். மலாய்க்காரர் கல்லறைகள், நடுவே அதே பூ பூத்த மரங்கள்.

"அண்ணே, இது கம்போஜா. குழிமேட்டுப் பூ. கல்யாண வீட்டுக்கா கொண்டுபோறீங்க?"

முருகையன் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பிவிடலாம் என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. படத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு போவதென்று முடிவாயிற்று.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முருகையன் படம் வரைவது ஹாஷிமுக்கு முன்பே தெரியும்; வாசலுக்கு வந்தவர், படம் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். வேண்டாமென்று சொல்லச் சொல்லக் கேட்காமல், தாமே வண்டியிலிருந்து எடுத்துப் பிரித்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று முருகையன் கைகூப்பினார். ஹாஷிம் அந்த வெள்ளைப் பூவை விரலால் தொட்டார். பிறகு, ரயில்வேயில் பழகிய தமிழில் சொன்னார்:

"என் சம்சாரம் தலைமாட்டுல இந்த மரம்தான் நட்டேன். மகள் கல்யாணத்துக்கு அவ வரலையேன்னு காலையிலேருந்து மனசு சரியில்ல. நீ கூட்டி வந்துட்டே தம்பி."

பெண்ணை அலங்கரிக்கும் அறையில் அவரே அதை மாட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாலை நான்கு மணி வண்டியில் திரும்பினோம். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுக்கு ஒருவர் இப்படி அபசகுனமான ஒரு படத்தைக் கொண்டுவந்திருந்தால், அவரை வாசலோடு அனுப்பியிருப்பார்கள். அனுப்புகிறவர்களில் நான்தான் முன்னால் நின்றிருப்பேன்.