கடுகு வளர்ந்த பெட்டி

என் தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அது கடுகளவுதான் இருந்தது. ஒரு மாத்திரைக் குப்பி, அதன் அடியில் இரண்டு சிட்டிகை ஈர மண், மண்ணின்மேல் ஒரு புள்ளி.

"என்னடா, தூசியைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கே?" என்றேன்.

"நல்லா பாருக்கா. நகருது."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நகர்ந்தது. குப்பியைத் தரையில் போட்டுவிடாமல் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தது கடவுள் செயல்.

டாரன்டுலா என்று ஒரு வகைச் சிலந்தியாம். உள்ளங்கை அகலத்துக்கு வளருமாம், உடம்பெல்லாம் முடி முளைக்குமாம். தம்பி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். ஃபிரேமைச் சரிசெய்ய வந்த ஒருவர் இந்தச் சிலந்திகளை வளர்ப்பவர். இவன் விடாமல் கேள்வி கேட்டதைப் பார்த்து ஒரு குஞ்சைக் கொடுத்துவிட்டார். இருந்த அளவைப் பார்த்து நான்தான் அதற்குக் கடுகு என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்தவள் நான் என்பதால் அதை வெளியே எறியச் சொல்லவும் வாய் வரவில்லை.

எனக்கு அன்று சிலந்தியைவிடத் தம்பியைப் பார்த்துத்தான் ஆச்சரியம். அவனைப் போலப் பயந்த பிள்ளையை நான் கண்டதில்லை. அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும். இடி இடித்தால் என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான். நாய்க்குப் பயம், பல்லிக்குப் பயம், ஊதிய பலூன் வெடித்துவிடுமோ என்று அதற்கும் பயம். தெருப் பிள்ளைகள் அவனுக்கு 'நடுங்கி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எப்படியோ கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடை இருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தினமும் படியேறித்தான் போவான்.

"நடுங்கி, நீ ஏறி வர்றதுக்குள்ள வாடிக்கையாளருக்கு இன்னும் கொஞ்சம் பார்வை குறைஞ்சிடுதுப்பா" என்பார் முதலாளி.

ஆனால் வேலையில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கை நடுங்காது. சுற்றும் கல்லில் லென்ஸின் விளிம்பை மயிரிழை அளவுக்குத் தேய்த்து எடுப்பான். எள்ளைவிடச் சின்னத் திருகாணியை இடுக்கியால் பிடித்து ஓட்டையில் வைப்பான். "சின்னதா இருந்தா எனக்குப் பயமில்லக்கா" என்பான்.

கடுகும் சின்னதாகத்தான் இருந்தது, வெகுகாலம். சுவர்க்கோழிப் பூச்சியின் ஒரு காலை மட்டும் கிள்ளி இடுக்கியால் குப்பிக்குள் வைப்பான். அதைத் தின்றுவிட்டு வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். முதல் வருஷம் முடிந்தபோது துவரம்பருப்பு அளவு. அப்புறம் சட்டைப் பொத்தான். சட்டை உரித்தால்தான் அது வளரும், பாம்பைப் போல. உரித்த சட்டையைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்ப்பான். ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"பொண்ணுக்கா."

"அதனால என்னடா?"

"ஆணா இருந்தா சில வருஷத்துல போயிடும். பொண்ணு இருபது வருஷம் இருக்கும்."

இருபது வருஷத்தை என் வயதோடு கூட்டிப் பார்த்தேன்.

அது உள்ளங்கை அகலம் ஆகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் குப்பி போய்க் கண்ணாடிப் பெட்டி வந்திருந்தது. தம்பி அதைத் தினமும் பார்த்தான். "மெதுவா வளர்ந்துச்சுல்ல, பயப்படறதுக்கு எனக்கு நேரமே கிடைக்கல" என்று ஒருநாள் சொன்னான். என் கதை அப்படியில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கிறவள். எப்போதாவது தப்பித் தவறிக் கண் பட்டால், ஒவ்வொரு தடவையும் அது முன்னைவிடப் பெரிதாக உட்கார்ந்திருக்கும். எல்லா உயிரும் ஆண்டவர் படைத்ததுதான் என்று மனசுக்குச் சொல்லிக்கொள்வேன். மனசு கேட்கும், முழங்கால் கேட்காது.

தம்பிக்குக் கல்யாணம் ஆகி வந்தவள் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் பெண். சத்தம் போட்டுப் பேசத் தெரிந்தவள். முதல்நாள் பெட்டியைப் பார்த்ததும் அவள் சத்தமே குறைந்துவிட்டது.

"என்னங்க, வீட்ல கடுகுன்னு ஒண்ணு வளர்க்கிறேன்னு சொன்னீங்களே. நான் கிளின்னுல்ல நினைச்சேன்."

"கிளின்னா நான் சொன்னேன்?"

"சிலந்தின்னும் சொல்லலையே."

பிறகு அவளும் என்னைப் போலவே பழகிக்கொண்டாள், அதாவது பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டாள். வீட்டில் ஒரே ஒரு சட்டம். பெட்டியின் மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி உண்டு. மூடினால் 'டக், டக்' என்று இரண்டு சத்தம் வரவேண்டும். ஒரு சத்தம் மட்டும் வந்தால் அடுத்த அறையிலிருந்தே நாங்கள் இருவரும் குரல் கொடுப்போம்: "இன்னொண்ணு."

அவளுக்குப் பையன் பிறந்தான். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் தொட்டிலைப் போட்டோம், சிலந்திப் பெட்டி என் அறையின் மேல்தட்டுக்குப் போயிற்று. கீழ்த்தட்டில் குழந்தையின் துணிகள். நான் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். அளவெடுத்ததுபோல மடித்து அடுக்கியிருந்தேன்.

அப்போது கடுகு சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. மண்ணின் நடுவில் வளை தோண்டி உள்ளே போய்விட்டது. கண்ணாடி ஓரமாகத் தோண்டியிருந்தால் வெளியிலிருந்தே பார்த்திருக்கலாம். இது நடுவில் தோண்டிவிட்டதால் வட்டமாக ஓர் இருட்டு மட்டும்தான் தெரியும். "சட்டை உரிக்கப் போகுது, தொந்தரவு பண்ணாதீங்க" என்றான் தம்பி. நாங்களா தொந்தரவு செய்யப் போகிறோம்?

ஒருநாள் காலையில், அவன் வேலைக்குப் போனபின், குழந்தைக்கு மாற்றுத்துணி எடுக்க என் அறைக்குப் போனேன். துணியில் கை வைத்துவிட்டு ஏனோ நிமிர்ந்தேன். பெட்டியின் ஒரு பக்கக் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மூடி விரல் நுழையும் அளவு தூக்கியிருந்தது. வளை இருந்த இடத்தில் வளை இல்லை. மண் மூடிக் கிடந்தது.

நான் துணியிலிருந்து கையை எடுத்தேனா, கை தானாக வந்ததா, தெரியாது.

"கண்ணு, இங்க வா. பையனைத் தூக்கிக்கிட்டு வராதே. நீ மட்டும் வா" என்று தம்பி மனைவியைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நேத்து நான்தான் திறந்தேன். தண்ணிக் கிண்ணம் காஞ்சு கிடந்துச்சு. பையனுக்குப் பால் கொடுத்து எனக்கே நாக்கு வறண்டு கிடந்தது. அதுக்கும் தாகமா இருக்கும்னு ஊத்தினேன். கை தவறி மண்ணுலயும் கொட்டிடுச்சு. அதுக்குள்ள இவன் அழுதான். ஓடிட்டேன்."

"ரெண்டு டக் கேட்டியா?"

அவள் தொங்கிய கொக்கியைப் பார்த்தாள். அழத் தொடங்கினாள்.

தண்ணீர் கொட்டி வளையின் வாய் சரிந்திருக்கலாம். அப்படியானால் அது அதற்கு முன்பே வெளியே போயிருந்ததா, உள்ளே புதைந்துவிட்டதா? இல்லை, சட்டை உரிக்க அதுவே கதவடைத்துக்கொண்டதா? மேலே நின்று பார்க்கிறவர்களுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. முந்தின நாளிலிருந்து இந்த அடுக்கில் இருந்த துணிகளில்தான் பையனைச் சுற்றிக் கிடத்தியிருக்கிறோம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"மண்ணைத் தோண்டாதீங்க" என்றான் முதலில். "உள்ள சட்டை உரிச்சுக்கிட்டு இருந்தா, இப்ப தொட்டா கிழிஞ்சு செத்துடும்." பிறகு அவன் மூச்சு மாறியது. "பையனைத் தூக்கிக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போகச் சொல்லு. இப்பவே."

"கடிச்சா தேனீ கொட்டின மாதிரிதான்னு நீதானேடா சொன்னே?"

"கடியை விடுக்கா. பயந்தா அது பின்னங்காலால வயித்து முடியை உதறும். கண்ணுக்குத் தெரியாத முள்ளு அது. நம்ம கையில பட்டா அரிக்கும். குழந்தை கண்ணுல பட்டா..."

கண்ணைப் பற்றித் தெரிந்தவன் பாதியில் நிறுத்தினால் மீதி எவ்வளவு பெரிது என்று எனக்குப் புரிந்தது.

அன்று அவன் லிஃப்டில் இறங்கினான் என்று முதலாளி பின்னால் சொன்னார். அவன் வந்து சேர்வதற்குள் குழந்தை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மடியில் இருந்தான்.

நானும் தம்பியும் தேடினோம். துணி மடிப்பது என் பிழைப்பு. ஒரு மடிப்பு இப்படிப் பயமுறுத்தும் என்று நான் நினைத்ததே இல்லை. துடைப்பக் கட்டையால் ஒவ்வொரு துணியாகத் தூக்கி உதறினேன். ஒரு கறுப்பு நூல்கண்டு உருண்டு வந்து என் காலில் பட்டது. கட்டிலின்மேல் எப்போது ஏறினேன் என்று எனக்குத் தெரியாது. செருப்புக்குள், தொட்டிலின் அடியில், தலையணை உறைக்குள் எல்லாம் பார்த்தோம். தொட்டில் மெத்தையைத் திருப்பும்போது தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் வாய்க்குள்ளேயே ஜெபித்துக்கொண்டிருந்தேன். அது பெட்டிக்குள் இருக்க வேண்டும் ஆண்டவரே, உள்ளேயே இருக்க வேண்டும். எங்கும் இல்லை. இல்லை என்றாலும் நிம்மதி இல்லை. நாம் பார்த்து முடித்த இடத்துக்கு அது திரும்பி வராதா என்ன?

குழந்தையைத் தன் வீட்டில் தூங்கவைத்துவிட்டு, தையல்காரம்மா எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"பிடிச்சீங்களா? எட்டு காலுக்கு அளவெடுக்கணும்னா சொல்லுங்க, நான் இங்க நின்னுக்கிட்டே எடுத்துக்கிறேன்."

அவருக்குப் பின்னால் தம்பி மனைவி.

தம்பி பெட்டியின் முன் உட்கார்ந்து மண்ணையே பார்த்தான். "விட்டா ரெண்டு வாரத்துல தானா வெளிய வந்துடும். உள்ள இருந்தா" என்றான்.

"என்னங்க," என்றாள் அவள், "கோபத்துல சொல்லல. ரெண்டு வாரமும் என்னால உள்ள வர முடியாது. வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல கால் வர மாட்டேங்குது. தண்ணி ஊத்தினதும் நான்தான், எனக்கே தெரியுது. ஆனா கால் வரல."

கால் வராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று என் தம்பியைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவன் அவளை ஏசவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் மென்மையான தூரிகையை எடுத்தான். என்னிடம் டார்ச்சைக் கொடுத்தான்.

"அசைக்காம பிடிச்சுக்கோக்கா."

அசைக்காமல் பிடிக்கச் சொல்கிறவன் கையே ஆடியது. வேலையில் ஒருநாளும் ஆடாத கை. தூரிகையால் மண்ணைத் துளித்துளியாக ஓரத்துக்கு ஒதுக்கினான். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. நேரம் போகப் போக, இருக்கவேண்டும் என்று வேண்டினேனா, இருக்கக்கூடாது என்று வேண்டினேனா என்று எனக்கே குழம்பியது. இருந்தால் நாங்கள் அதைக் கொன்றுகொண்டிருக்கிறோம். இல்லாவிட்டால் அது வீட்டுக்குள் எங்கோ இருக்கிறது.

மண்ணுக்கு அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய விரிப்பு தெரிந்தது. அதன்மேல் கடுகு மல்லாக்கக் கிடந்தது, கால்களெல்லாம் மேலே.

"செத்துடுச்சாடா?"

"மூச்சு விடாதே. பாதி உரிச்சிருக்கு."

பழைய உடம்பு பிளந்து, அதற்குள்ளிருந்து பாலாடை போல வெளுத்த இன்னொரு உடம்பு வந்துகொண்டிருந்தது. ஏழு கால்கள் அங்குலம் அங்குலமாக நழுவின. எட்டாவது காலின்மேல் மண் சரிந்திருந்தது. நாங்கள் தள்ளிய மண்தான். கை கொடுக்கவும் முடியாது, கொடுத்தால் கிழியும். தம்பி தூரிகையைக் கீழே வைத்தான். மூடியைச் சத்தமில்லாமல் பொருத்தி, கொக்கிகளை விரலால் அமுக்கிப் பிடித்தே மாட்டினான். அன்று மட்டும் 'டக்' கேட்கவில்லை.

வாசலுக்குப் போய், "உள்ளதான் இருக்கு" என்றான் மனைவியிடம்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "உயிரோடவா?"

"தெரியல."

அவள் குழந்தையைத் தையல்காரம்மாவிடமே இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். வாசப்படியைத் தாண்டியதை அவளே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் மூவரும் தரையில் உட்கார்ந்தோம். நான் கண்ணை மூடினேன். ஒரு சிலந்தி பிழைக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டேன். கேட்கும்போதும் உடம்பு கூசிக்கொண்டுதான் இருந்தது.

அது பிழைத்தது. ஏழு காலோடு. எட்டாவது கால் பழைய சட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. தம்பி அந்தச் சட்டையை மட்டும் கடைக்கு எடுத்துப் போகவில்லை.

அடுத்த சட்டையில் அந்த இடத்தில் குச்சிபோல ஒரு குட்டிக்கால் முளைத்தது. அதற்குள் பையன் நடந்து, ஓடி, கட்டில்மேல் ஏறிக் குதிக்கவும் தொடங்கிவிட்டான். பெட்டியை ஆள் உயரத் தட்டுக்கு மாற்றிப் பூட்டும் போட்டாயிற்று. தண்ணீர் ஊற்றுவது இப்போது தம்பி மனைவியின் வேலை. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றுவாள், ஆனால் கிண்ணம் காய்ந்ததில்லை. எனக்குப் பயம் அப்படியேதான் இருக்கிறது. துணியை இரண்டு தடவை உதறாமல் மடிப்பதில்லை.

தம்பி படுகிற பாட்டைத்தான் இப்போது பார்க்க முடியவில்லை. பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்தால் ஓடுகிறான், படியில் இறங்கினால் ஓடுகிறான், இருமினால் எழுந்து உட்காருகிறான். போன வாரம் வாங்கிய செருப்பு பையனுக்கு இந்த வாரம் கடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?" என்றேன்.

"இவன் என்னக்கா, இவ்வளவு வேகமா வளர்றான்" என்றான்.

என் அறையிலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, தண்ணி ஊத்திட்டேன். வந்து கொக்கியை ஒரு தடவை பாருங்க."

அவன் செருப்பை வைத்துவிட்டு எழுந்து போனான். டக் என்று கேட்டது. நான் காத்திருந்தேன். இன்னொன்றும் கேட்டது.