சின்னம்மா வீட்டு ஸ்டார்

டிசம்பர் பிறந்தாலே, கிறிஸ்துமஸ் ஸ்டாரை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும் சின்னம்மாதான் கண்ணுக்குள் வருகிறாள். அரியலூரில் காலையில் எதைத் தொங்கவிட்டாலும் சாயங்காலத்துக்குள் அதன்மேல் சிமென்ட் தூசி படிந்துவிடும். மற்ற வீடுகளில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அவள் மட்டும் தினமும் இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றுவாள். கரண்ட் போனால் பதறிப்போய் ஸ்டூலில் ஏறி, ஸ்டாருக்குப் பின்னால் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கும் எனக்கு எரிச்சலாக வரும். அப்படி யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் போட மாட்டார்கள். கேரல் பாட வருகிறவர்களும் அந்த வாசலில் மேளத்தை நிறுத்திவிட்டு, ஒரு ஜெபம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சித்தப்பா சிமென்ட் லாரி ஓட்டினார். நான் ஆறாவது படித்த வருஷம் கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. லாரி மட்டும் பாலக்காட்டுப் பக்கம் ரோட்டோரம் சாவியோடு நின்றிருந்தது. போலீஸ் தேடியது, முதலாளி ஆள் அனுப்பினார், ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே கிறிஸ்துமஸ். தெருவே சின்னம்மாவின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா தங்கையிடம் தன்மையாகத்தான் சொன்னாள். "இந்த வருஷம் ஸ்டார் வேணாம்டி. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"போடலன்னா அவரு செத்துட்டாருன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்க்கா. என்னால முடியாது."

அன்று ஏற்றியவள் அதற்குப்பின் ஒரு வருஷமும் விடவில்லை. முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. பைத்தியம் என்றவர்களும் உண்டு. எனக்கோ அவள்மேல் பாசம் இருந்த அளவுக்குக் கோபமும் இருந்தது. சித்தப்பா வருவார் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. இந்த மனுஷி இப்படியே காத்திருந்து வீணாய்ப் போகிறாளே என்றுதான் வயிற்றெரிச்சல்.

இந்த ஆகஸ்டில் சின்னம்மா போய்விட்டாள். பிள்ளை இல்லாத வீடு. சாவி என் கைக்கு வந்தது. பெரம்பலூரில் என் வேலை, என் குடும்பம் என்று இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டிசம்பர் வந்ததும் தூக்கம் போயிற்று. வழக்கப்படி பார்த்தால் அந்த வீட்டில் இந்த வருஷம் ஸ்டார் கூடாது. போடாவிட்டால் சின்னம்மாவோடு சேர்த்து சித்தப்பாவையும் புதைத்த மாதிரி ஆகிவிடுமே! அவள் ஆயுசு முழுக்கச் சொல்ல மறுத்ததை, அவள் கண்ணை மூடியதும் நான் சொல்லிவிடுவதா? போன ஞாயிற்றுக்கிழமை அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போதும் முடிவு செய்திருக்கவில்லை.

அலமாரிமேல் ஸ்டார் துணி சுற்றி வைத்தபடியே இருந்தது. அதைத் தொட்டதுதான், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறி நான் கட்டுவதைப் பார்த்து எதிர்வீட்டு அத்தை ஓடி வந்தார்.

"என்னம்மா இது? கல்லறை ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள ஸ்டாரா? உங்க சின்னம்மாளுக்குச் செய்யற மரியாதையா இது?"

"சித்தப்பாவுக்குத்தான் அத்தை."

அத்தை இடுப்பில் கைவைத்தார். "வருவாருங்கிறியா?"

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். ஸ்விட்சைப் போட்டேன். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டுப் பூட்டை எடுத்தேன். அப்போது தெருமுனையில் ஒரு லாரி வேகத்தைக் குறைத்து நிற்கும் சத்தம் கேட்டது. பூட்டாமல் திரும்பிப் பார்த்தேன்.