ஒரு செமிகோலனும் ஸ்டெல்லா டீச்சரும்

மதியம் காக்ஸ் டவுன் கஸ்டமர் ஸ்டெல்லா டீச்சர் போன்.

"தம்பி, வீட்டுக்காரர் கப்பல் இன்னைக்குத்தான் கரைக்கு வந்திருக்கு. சாயங்காலம் கிளம்பிடும். பிள்ளை பொறந்து இன்னும் அவர் முகத்தைப் பார்க்கல. வீடியோ கால்ல காட்டலாம்னா, நெட் வரல."

எங்க இன்டர்நெட் கம்பெனி ஆபீஸ்ல கஸ்டமரோட மோடம் செட்டிங்கை டெக்ஸ்ட்டா எழுதி, ஒரு கமாண்ட் அடிச்சு மோடத்துக்குப் புரியற ஃபைலா மாத்தணும். கமாண்ட் "பிழை"ன்னு மட்டும் சொல்லுது. எங்கேன்னு சொல்லல.

கண்ணு எரிய வரிவரியா தேடினேன். ஒரு வரி முடிவுல செமிகோலன், அதான் அரைப்புள்ளி, இல்ல. போட்டேன். ஃபைலா மாறிடுச்சு.

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க டீச்சர், புது செட்டிங்கை எடுத்துக்கும்."

கொஞ்ச நேரத்துல போன்லயே ஓர் ஆம்பளக் குரல் கேட்டுச்சு: "அட, என் மூக்கு!" டீச்சர் அழுதுட்டாங்க. போனை வைக்க மறந்துட்டாங்க. நானும் வைக்கல.

"ஒரு போன் காலுக்கு இவ்வளவு நேரமா குரு?"ன்னார் மேனேஜர்.

"செமிகோலன் சார்"னேன். நம்பல.

உங்க மேனேஜராவது நம்புவாரா?