வண்டிக்கு அம்மா கட்டிய மாலை

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததைவிட அந்த இரண்டு முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். ஒன்று வண்டியின் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள், இன்னொன்று ஆயில் சூட்டைக் காட்டும் முள். எனக்குக் காய்ச்சல் என்றால் "மாத்திர போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்புகிற மனுஷர், ஆயில் முள் ஒரு நூல் ஏறினால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டார்.

கள்ளக்குறிச்சியில் அவருக்கு டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் மற்றவர்கள் குடும்பத்தோடு போய்வர ஒரு கார் வாங்குவார்கள். இவர் பெங்களூரில் யாரோ ஒருத்தர் ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டே கதவு. பின்சீட் என்று ஒன்று இருந்தது, காய்கறிப் பை வைக்கலாம். அதில் இருப்பது ரோட்டரி எஞ்சினாம். மற்ற வண்டிபோல் உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போய்வராதாம், முக்கோணமாக ஒரு இரும்பு சுற்றிக்கொண்டே இருக்குமாம்.

"அப்ப கிரைண்டருன்னு சொல்லுங்க" என்றேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அந்த எஞ்சினுக்குச் சூடுதான் எமன். தண்ணீர் மட்டும் குளிரவைத்தால் போதாது, ஆயிலும் குளிர்ந்துகொண்டே இருக்கவேண்டும். அதற்கு ஆயில் கூலர் என்று ஒன்று ரேடியேட்டருக்குக் கீழே முன்பக்கம் உட்கார்ந்திருக்கும். பம்பருக்கு அடியில் உள்ள திறப்பு வழியாகக் காற்று வந்து இரண்டிலும் பட்டால்தான் வண்டி பிழைக்கும். ஒரு தடவை அளவுமீறிச் சூடேறினால் உள்ளே இடுக்கை அடைத்துக்கொண்டிருக்கிற சீல் போய்விடும், சீல் போனால் எஞ்சின் போச்சு, அதைப் பிரித்துச் சேர்க்க நம் பக்கத்தில் ஆள் கிடையாது. இதையெல்லாம் எனக்கு மந்திரம்போல ஓதியிருந்தார். கடைத்தெருவிலிருந்து திரும்பினால் உடனே எஞ்சினை நிறுத்தமாட்டார், சூடு இறங்கட்டும் என்று ஓடவிட்டுக் காத்திருப்பார். அதற்குள் நான் இறங்கிப்போய்க் குழம்பே கூட்டிவிடுவேன். ஒருநாள் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் முன்னால் கட்டிவிட்டேன். "காத்து போற வழியில கட்றியே, உனுக்கு அறிவு கீதா?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

இப்படிப்பட்டவருடைய வண்டியில்தான் என் தம்பி மாப்பிள்ளையாக ஏறினான்.

தம்பிக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு இடம் நிச்சயம்வரைக்கும் வந்தது. அன்றைக்குக் காற்றில் குத்துவிளக்கு அணைந்தது. அடுத்த மாதமே அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அதிலிருந்து அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சகுனம்தான், பால் பொங்கி வழிந்தால்கூட எந்தப் பக்கம் வழிந்தது என்று பார்ப்பாள். கடைசியில் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு பெண் அமைந்தது. திங்கட்கிழமை காலை முகூர்த்தம், முதல் நாள் சாயங்காலம் ராகுகாலம் பிறக்குமுன் மாப்பிள்ளை பந்தல் வாசலில் இருக்கவேண்டும்.

வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் அம்மா ஒரு மாலையோடு வந்தாள். மாலையா அது! கை பருமனுக்குச் சாமந்தி, நடுவில் குருத்தோலை. அதை வண்டி முன்னால் அந்தத் திறப்பின் குறுக்கே மடித்து மடித்து, ஒரு விரல்கூட நுழையாதபடி வாழைநாரால் கட்டினாள். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அத்த, அது வந்து..." என்று இவர் இழுத்தார்.

அம்மா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "பொண்ணு வூட்டு வாசல்ல நானே அவுக்கறேங்க மாப்ள. நடுவுல கை வெக்கக் கூடாது. போன தபா வெளக்கு அணஞ்ச மாதிரி ஆயிடப் போவுது."

"கட்டுங்க அத்த, நல்லா இறுக்கியே கட்டுங்க" என்றார் இவர். நான் வாயைத் திறக்கப் போனேன். கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

தம்பி முன்னால் உட்கார்ந்தான். காய்கறிப் பை வைக்கிற இடத்தில் நானும் அம்மாவும் பட்டுப்புடவையோடு மடங்கி உட்கார்ந்தோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இரண்டு முள்ளும் எழும்பின. இவர் ஏசியை நிறுத்தினார், கண்ணாடிகளை இறக்கினார், அப்புறம் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டார். எஞ்சின் தண்ணீரின் சூட்டை வண்டிக்குள்ளே இழுத்துவிடுகிற வித்தையாம் அது. வைகாசி மாதத்தில்! மாப்பிள்ளை வேட்டியில் வெந்நீராவி அடித்த மாதிரி இருந்தது.

"இன்னா மாமா, அடுப்புல குந்தினு இருக்கறாப்ல கீது" என்றான் தம்பி.

"மேல குளிரும் மச்சான். ஒடம்பு இப்பவே பழகிக்கட்டும்" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

தண்ணீர் முள் கொஞ்சம் அடங்கியது. ஆயில் முள் அடங்கவில்லை. ஹீட்டர் தண்ணீரைத்தான் தணிக்கும், ஆயிலுக்குக் காற்றுதான் வேண்டும், காற்றின் வழியில் அம்மாவின் மாலை. ஒரு வளைவில் ஓரங்கட்டினார். அம்மாவும் தம்பியும் மரத்தடியில் முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டிருக்க, நான் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். சாமந்தி வெந்துகொண்டிருந்தது. கீரை கடையும்போது வருமே, அந்த வாசனை.

"அறுத்துப் போட்டுர்றேங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று குசுகுசுத்தேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். "எஞ்சினு போனா எனுக்குத்தான் போவும். மாலய அறுத்தா, அவங்க தாலி கட்ற வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு குந்தியிருப்பாங்க. வுடு."

நான் போய் அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்ததால் சூடு இறங்கும்வரை நிற்கவும் முடியவில்லை. மீதி மலையை அவர் ஓட்டியபோது முள்ளை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ராகுகாலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். ஆரத்தி எடுத்தார்கள். அம்மா வாழைநாரை அவிழ்த்து, வெந்த மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவர் வழக்கம்போல எஞ்சினை ஓடவிட்டு நின்றார். அது இரண்டு தடவை குலுங்கிவிட்டுத் தானாக அடங்கியது. இவர் பானெட்டின்மேல் கை வைத்தபடி அப்படியே நின்றார். அவர் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறுநாள் மத்தியானம் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் இழுவையே இல்லாமல் வெறுமனே சுற்றியது. "சீலு போச்சு" என்று என்னிடம் மட்டும் சொன்னார். கடுக்காய் ஏற்றவந்த லாரியில் கயிறு கட்டி மலையிறக்க ஏற்பாடு செய்தார்கள். கயிறு மாட்டுகிறபோது அம்மா தயங்கித் தயங்கி வந்தாள்.

"மாப்ள, நான் கட்டன மாலயாலயாங்க இப்டி ஆச்சு?"

"சேச்சே, இன்னா அத்த நீங்க! பழைய வண்டி, என்னிக்கோ போவ வேண்டியது. உங்க மால இருந்ததாலதான் மல மேல வரைக்குமாச்சும் வந்து சேந்துச்சு."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கீழே வந்ததும் தெருவெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவர் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்காக அப்படி ஒரு பொய் சொன்னதில்லை இந்த மனுஷர். பெற்ற அம்மாமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.